குகை நீரை அடைத்துவிடலாமா?

இணையாக இரண்டு சுரங்கவழிகள் தோண்டும்போது ஒன்றில் நீர் வரும் குகை குறுக்கிட்டிருக்கிறது, அதை அடைத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். துளைக்கோல் சட்டென வெற்றிடத்தில் இறங்கிய அந்தக் குகையைக் கான்கிரீட்டால் அடைக்காதீர்கள். முதலில் நீர் தாண்டிச் செல்ல ஒரு குழாய் பதித்துவிட்டு, அதன்பின் மிச்ச இடத்தை நிரப்புங்கள்.

கலங்கலோடு மணலும் வருகிறது என்பதால், அது வெறும் பொந்தாக இராமல், மழை பெய்தால் ஓடும் நிலத்தடி நீர்த்தடமாகவே இருக்கக்கூடும். மறித்தால் அழுத்தம் ஏறி, நீர் இணைச் சுரங்கவழியின் உட்சுவரைத் தேடிப் போகும்.

மேலே தரையில், மழைநீர் நிலத்துக்குள் இறங்கும் உறிஞ்சுகுழியில், நீரைப் பச்சையாக்கும் ஃபுளோரசீன் சாயத்தைக் கரைத்து ஊற்றி, இரண்டு சுரங்கவழிகளிலும் எத்தனை மணி நேரத்தில் பச்சை தெரிகிறது என்று பாருங்கள்.

வறண்ட மாதங்களில் அளந்த நீர்வரத்தை மட்டும் நம்பி வடிகாலின் அளவைத் தீர்மானிக்க வேண்டாம். சுவிட்சர்லாந்தின் 34.6 கி.மீ. நீள லோச்பெர்க் அடித்தள ரயில் சுரங்கம் 2007இல் திறக்கப்பட்டது. நீரும் மணலும் உள்ளே கொட்டி ஒரு சுரங்கவழியை மூட நேர்ந்ததோ 2020இல்.