தாய்மாமன் கிட்னி கொடுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 24 வயது, டயாலிசிஸில் இருக்கிறான். என் ரத்த வகை சேரவில்லை, கணவருக்குச் சர்க்கரை. என் தம்பி கிட்னி தர முன்வந்தும், ‘கமிட்டிக்குப் போகணும்’ என்கிறார்கள். தாய்மாமன் சொந்தமில்லையா?
– வாசகி, வியாசர்பாடி

பதில்: காது குத்தவே தாய்மாமன் மடி வேண்டும் நமக்கு. ஆனால் 1994-ம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் ‘நெருங்கிய உறவு’ என்று ஏற்பது பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், கணவன் அல்லது மனைவியை மட்டும்தான். 2011 திருத்தத்தில் தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி சேர்ந்தார்கள். மாமா, சித்தி, மைத்துனர் எல்லாரும் அங்கீகாரக் குழு (அவர்கள் சொன்ன ‘கமிட்டி’ இதுதான்) வழியாகத்தான் வர வேண்டும்.

குழு பார்ப்பது ஒன்றைத்தான்: இதில் பணமோ புரோக்கரோ இருக்கிறதா? அதற்காக உங்கள் குடும்பம், தம்பி குடும்பம் இரண்டின் தொழில், 3 ஆண்டு வருமானத்துக்கும் ஆதாரம் கேட்பார்கள். கூலி வேலை என்றால் இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் வேறு பெயர் என்றால் முதலில் அதைத் திருத்துங்கள். உறவைக் காட்டப் பழைய போட்டோக்கள் வேண்டும். மகன் மாமா மடியில் உட்கார்ந்திருக்கும் காதுகுத்து படம் இருந்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை.

தம்பி மனைவியையும் தனியாக விசாரிப்பார்கள். அவருக்கு அரைமனதாக இருந்தால் அங்கே தெரிந்துவிடும். அதற்கு முன் வீட்டிலேயே மனம்விட்டுப் பேசிவிடுங்கள். இவ்வளவு கெடுபிடி ஏன் என்று வடசென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுனாமிக்குப் பிறகு எர்ணாவூர் குடியிருப்பில் மீனவப் பெண்கள் வறுமையால் கிட்னி விற்றது 2007-ல் வெளியே வந்தது. விற்றாலும் வாங்கினாலும் 5 முதல் 10 ஆண்டு சிறை, 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. உங்களைப் போலவே ரத்த வகை சேராத இன்னொரு குடும்பத்தோடு மாற்றிக்கொள்ளலாம்: உங்கள் கிட்னி அவர்கள் நோயாளிக்கு, அவர்களுடையது உங்கள் மகனுக்கு. டாக்டரிடம் ‘ஸ்வாப்’ பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: உறுப்பு தான அட்டை வைத்திருக்கிறேன். எனக்கு ஏதாவது ஆனால் தானாக எடுத்துக்கொள்வார்களா? இதயம் துடிக்கும்போதே எடுப்பார்களாமே என்று அம்மா பயப்படுகிறார்.
– வாசகர், காசிமேடு

பதில்: தானாக எடுக்க மாட்டார்கள். அட்டை உங்கள் விருப்பத்துக்குச் சாட்சி, அவ்வளவுதான். ஐ.சி.யூ. வாசலில் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுவது குடும்பம். அதனால் அட்டையை பர்ஸில் பூட்டி வைக்காமல் அம்மாவிடம் காட்டுங்கள்.

அம்மாவின் பயம் நியாயமானது. மூளை மீளவே முடியாமல் செயலிழந்துவிடுவதுதான் மூளைச்சாவு. அப்போதும் வென்டிலேட்டர் (செயற்கை சுவாசக் கருவி) ஓடும்வரை இதயம் துடிக்கும், உடல் சூடாக இருக்கும். மூளையின் கட்டளை இல்லாமல் தண்டுவடத்திலிருந்தே வரும் அனிச்சையால் கால் விரல்கூட அசையலாம். அதைப் பார்த்து ‘உயிர் இருக்கு’ என்று குடும்பம் நம்புவது இயல்பு. அதனால்தான் மூளைச்சாவு என்று 4 மருத்துவர்கள் சான்றளிக்க வேண்டும். உறுப்பு மாற்று அறுவை செய்யும் குழுவிலிருந்து ஒருவரும் அதில் இருக்கக் கூடாது. பரிசோதனை 2 முறை, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில். மயக்க மருந்தின் தாக்கமோ, உடல் சில்லிட்ட நிலையோ இல்லை என்று முதலில் உறுதி செய்வார்கள். கடைசியாக வென்டிலேட்டரைக் கழற்றி, குழாய் வழியே ஆக்சிஜன் மட்டும் கொடுத்து, நெஞ்சு தானாக ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 60-ஐத் தாண்டியும் ஒரு மூச்சுகூட வரவில்லை என்றால்தான் முடிவு. இந்த எண்ணை டாக்டரிடம் கேட்கக் குடும்பத்துக்கு முழு உரிமை உண்டு, தயங்காமல் கேளுங்கள்.

விபத்து வழக்கு என்றால் போலீசுக்கும் தகவல் போக வேண்டும்; கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

கேள்வி: தானமாக வரும் உறுப்புக்காகக் காத்திருப்போர் பட்டியலில் எப்படிச் சேர்வது?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: சிகிச்சை பெறும் மருத்துவமனை வழியாக மட்டும்தான். உங்களுக்குப் பக்கத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே கிட்னி, கல்லீரல் மாற்று நடக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் எடுத்துவிடுங்கள். பதிவில் கொடுத்த செல்போன் எண் மாறினால் அன்றே தெரிவியுங்கள். அழைப்பு நள்ளிரவிலும் வரும். எடுக்காவிட்டால் வாய்ப்பு அடுத்தவருக்குப் போய்விடும்.