மெடிக்கல் ஷாப் வைக்க பார்ம்.டி தேவையா?

சொந்தமாக மெடிக்கல் ஷாப் வைப்பதுதான் உங்கள் மகளின் திட்டம் என்றால், கடன் வாங்கி ஆறு வருட பார்ம்.டி (டாக்டர் ஆஃப் பார்மசி) படிப்பில் சேர்க்க வேண்டாம். இரண்டு வருட டி.பார்ம் (பார்மசி டிப்ளமோ), 500 மணி நேரப் பயிற்சி, மாநில பார்மசி கவுன்சில் பதிவு போதும். கடை உரிமத்துக்குக் கேட்பது அந்தப் பதிவைத்தான். 2022-இல் வந்த விதிகளில் டி.பார்ம் முடித்தவர்கள் பதிவுக்கு முன் எழுத வேண்டிய ஒரு தகுதித் தேர்வும் உண்டு. அதன் இப்போதைய நிலையைக் கவுன்சிலில் கேளுங்கள்.

பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போடலாம் என்று கல்லூரியில் ஆசை காட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். கடை கவுன்ட்டரில் அதற்கென்று யாரும் பணம் கூட்டித் தரப்போவதில்லை.

எதில் சேர்த்தாலும், பணம் கட்டும் முன் இந்திய பார்மசி கவுன்சில் தளத்தைப் பாருங்கள். அந்தக் கல்லூரிக்கு, அதே படிப்புக்கு, இந்த ஆண்டுக்கு ஒப்புதல் இருக்க வேண்டும். பி.பார்முக்கு (பார்மசி இளநிலைப் பட்டம்) இருந்தால் பார்ம்.டி-க்கும் இருக்கிறது என்று அர்த்தமில்லை. அப்புறம், மொத்தக் கட்டணத்தையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அமெரிக்கா போய் பார்மசிஸ்டாக வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால் மட்டும் கணக்கு வேறு. 2003-க்குப் பிறகு பட்டம் பெற்றவர்களிடம் அங்கே குறைந்தது ஐந்து வருடப் பாடத்திட்டம் கேட்கிறார்கள். நான்கு வருட பி.பார்ம் செல்லாது, பார்ம்.டி செல்லும்.