விளக்கைப் போட்ட பிறகு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு பல்கலைக்கழகத்தின் பிரெஞ்சுத் துறையில் விரிவுரையாளராக இருக்கிறேன். மாதந்தோறும் பிரெஞ்சுப் பண்பாடு குறித்து ஒரு சொற்பொழிவும் ஒரு திரையிடலும் நடத்துகிறோம். சொற்பொழிவுக்கு வருகைப்பதிவு உண்டு என்பதால் அரங்கு நிறைகிறது. யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. திரையிடலுக்கு முன்னால் ஒரு பேராசிரியர் முக்கால் மணி நேரம் படத்தை விளக்குகிறார். படம் முடிந்ததும் எல்லோரும் எழுந்து போய்விடுகிறார்கள். 'மெதுவாகப் போகிறது' என்பதற்கு மேல் மாணவர்கள் எதுவும் சொல்வதில்லை. ஒரு மாணவி மட்டும், இதெல்லாம் பிரான்ஸுக்கு நாம் செய்யும் இலவச விளம்பரம்தானே என்று கேட்டார். நான் மழுப்பிவிட்டேன். சொற்பொழிவை நிறுத்திவிட்டுப் புதிய நகைச்சுவைப் படங்களாகப் போடலாமா?

ச.

அன்புள்ள ச.,

அந்த மாணவியை விட்டுவிடாதீர்கள். அடுத்த கூட்டத்தை நடத்தும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. 1883இல் தொடங்கப்பட்ட அலியான்ஸ் பிரான்சேஸின் முழுப்பெயரிலேயே, காலனிகளிலும் வெளிநாடுகளிலும் பிரெஞ்சு மொழியைப் பரப்பும் சங்கம் என்று இருந்தது. ஒளிவுமறைவே கிடையாது. ஆகவே மழுப்பாமல் 'ஆமாம்' என்று சொல்லிவிடுங்கள். சொன்ன கையோடு, பிரெஞ்சு அதிகாரம் தன் மக்கள் கண்ணில் படக் கூடாது என்று நினைத்தவற்றைக் காட்டும் படங்களைத் திரையிடுங்கள்.

இயக்குநர் ழான் விகோவின் 'நடத்தைக்குச் சைபர்' 1933இல் வந்தது. விடுதிப் பள்ளிச் சிறுவர்கள் ஆசிரியர்களுக்கு எதிராகக் கிளர்ந்தெழும் கதை. பிரெஞ்சுத் தணிக்கை அதைத் தடை செய்தது. 1945 வரை பொதுமக்கள் பார்க்க முடியவில்லை. அதற்குள் விகோ இறந்து பதினொரு ஆண்டுகள் ஆகிவிட்டன. இருபத்தொன்பது வயதில் போனவர். அலென் ரெனேயின் 'இரவும் மூடுபனியும்' (1956) நாஜி வதைமுகாம்கள் பற்றிய ஆவணப்படம், முப்பத்திரண்டே நிமிடம். அதில் ஒரு புகைப்படத்தில், பிரான்ஸிலேயே இருந்த ஒரு தடுப்பு முகாமைக் காவல் காக்கும் பிரெஞ்சுப் போலீஸ்காரரின் தொப்பி தெரிகிறது. தணிக்கையாளர்களை உறுத்தியது அந்தத் தொப்பிதான். பிணக்குவியல்களைக் காட்டலாம், தொப்பியைக் காட்டக் கூடாது! கடைசியில் அதை மறைத்த பிறகே படம் வெளிவந்தது. இந்த ஒரு தொப்பியை வைத்துக்கொண்டு உங்கள் மாணவர்களுடன் ஒரு மாலை முழுவதும் பேசலாம். போருக்குப் பிந்தைய பிரான்ஸ் தன்னைப் பற்றித் தனக்கே சொல்லிக்கொண்ட கதை எதுவென்று அங்கே பிடிபட்டுவிடும்.

மூன்றாவதாக செனகல் நாட்டு ஒஸ்மான் செம்பெனின் 'கறுப்புப் பெண்' (1966). ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தை நம்பித் தென் பிரான்ஸுக்குப் போகும் ஆப்பிரிக்கப் பெண் அங்கே வீட்டு வேலைக்காரியாக அடைபடுகிறாள். 1934இல் பிரான்ஸின் காலனி அமைச்சர் பியேர் லவால் கொண்டுவந்த ஆணைப்படி, பிரான்ஸின் ஆப்பிரிக்கக் காலனிகளில் படம் எடுக்க அரசின் முன் அனுமதி வேண்டியிருந்தது. அந்தச் சூழலில் வளர்ந்த செம்பென், மார்செய் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், பின்னாளில் கேமராவைப் பிரெஞ்சு வீட்டுச் சமையலறைக்குள்ளேயே கொண்டுபோய் வைத்துவிட்டார். அதற்கு பிரான்ஸில் கிடைத்த பரிசின் பெயர் ழான் விகோ பரிசு. இதைப் பார்த்த பிறகும் விளம்பரம் என்று அந்த மாணவி சொல்வாரானால், அவருடைய வாதத்தைக் கேட்க நானே வருகிறேன்.

இந்த மூன்றும் ஒரு மணி நேரத்தை ஒட்டியோ அதற்குள்ளோ முடிபவை. வேண்டுமென்றேதான் சொல்கிறேன். இரண்டரை மணி நேரப் படத்தைப் போட்டால் அதன் பிறகு எவர் உட்கார்ந்து பேசுவார்? கடைசி பஸ் என்று ஒன்று இருக்கிறதே.

உங்கள் உண்மையான சிக்கல் அங்கேதான் இருக்கிறது. படத்தை இறக்குமதி செய்தீர்கள், அதோடு வர வேண்டிய பழக்கத்தை விட்டுவிட்டீர்கள். 1920களில் முளைத்து, போருக்குப் பின் பிரான்ஸ் முழுக்கப் பரவிய சினே-க்ளப்களில், அதாவது திரைப்பட ரசிகர் மன்றங்களில், ஒரு முறை இருந்தது: சுருக்கமான அறிமுகம், படம், பிறகு விவாதம். அந்த விவாதத்துக்காகவே வந்தவர்கள் உண்டு. ஆந்த்ரே பசான் என்ற விமர்சகருக்குப் பேச்சு திக்கும். பள்ளி ஆசிரியராகும் வாய்ப்பு அதனால் போயிற்று. அவர்தான் தொழிற்சாலைகளிலும் மாணவர் மன்றங்களிலும் படம் போட்டுத் தொழிலாளர்களோடு பேசிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட திரையிடல்களிலிருந்து பிறந்ததுதான் மார்செல் கார்னேயின் 'பொழுது விடிகிறது' (1939) படம் குறித்த அவருடைய கட்டுரை. கதாநாயகன் அடைந்து கிடக்கும் அறையின் மேசை நாற்காலி அலமாரிகளையெல்லாம் அதில் துருவுகிறார்.

நீங்களும் அப்படித் தொடங்குங்கள். 'படம் எப்படி?' என்று கேட்டால் 'மெதுவாகப் போகிறது' என்றுதான் பதில் வரும். எந்த இடத்தில் சலித்தது, அப்போது திரையில் என்ன இருந்தது என்று கேளுங்கள். இருவர் இரண்டு இடங்களைச் சொல்வார்கள். அவர்கள் தமக்குள் மோதிக்கொள்ளும்போது நீங்கள் குறுக்கே போகாதீர்கள்.

படத்துக்கு முன் முக்கால் மணி நேரம் விளக்கும் பேராசிரியரை ஐந்து நிமிடத்தில் நிறுத்துவது உங்கள் சாமர்த்தியம். வெளிவந்த ஆண்டு, எடுத்தவர், அன்று நாட்டில் நடந்தது, போதும். மற்றதை அவர் படம் முடிந்த பிறகு, பத்துப் பேரில் ஒருவராக உட்கார்ந்து பேசட்டும்.

சொற்பொழிவை நிறுத்த வேண்டாம். வருகைப்பதிவை நிறுத்துங்கள். 1530இல் தோன்றிய, பாரிஸிலுள்ள உயர்கல்வி நிறுவனமான கொலேஜ் த பிரான்ஸில் தேர்வும் பட்டமும் கிடையாது, யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து கேட்கலாம். தத்துவவாதி மிஷேல் ஃபூக்கோ அங்கே பேசியபோது கூட்டம் தாங்காமல், குறைக்கும் எண்ணத்தில் வகுப்பைக் காலை வேளைக்கு மாற்றிப் பார்த்தார். ஆனால் அத்தனை கூட்டத்திலும் விவாதம் நடப்பதில்லை என்பது அவருக்கே குறையாக இருந்தது. ஆகவே சொற்பொழிவையும் திரையிடலையும் ஒரே நாளில் ஒட்டவைக்காமல் வேறு வேறு நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் இருபது பேர்தான் வருவார்கள். துறைத்தலைவர் முகம் சுளிப்பார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நகைச்சுவைப் படங்கள் மீது எனக்கு விரோதமில்லை. அவற்றை மாணவர்கள் உங்கள் தயவில்லாமலே பார்த்துக்கொள்வார்கள்.

விகோவிலிருந்து தொடங்குங்கள். விடுதி மாணவர்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள். விடுதிக் காப்பாளரையும் அழைக்கலாம்.