கழி, காயல், களப்பு: பாகான் டத்தோ (பேராக், மலேசியா) வாசகர்களின் கேள்விகள்

கே: உப்பங்கழியில் வரும் 'கழி' என்ன? கழிவுநீரோடு சம்பந்தமா?

ப: கடல்நீர் நிலத்துக்குள் ஏறி, ஆழமில்லாமல் பரந்து கிடக்கும் இடம் கழி. சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்துச் சொல். 'இருங்கழி' என அடிக்கடி வரும். உப்பு + அம் + கழி எனப் பிரியும். நடுவிலிருப்பது புளியங்காயில் வரும் அதே 'அம்' சாரியை. கழிவு என்பது 'நீக்கு' என்ற பொருளுள்ள கழி வினையிலிருந்து வந்தது. நீர்நிலைப் பெயரில் அழுக்குப் பொருள் இல்லை. நெய்தல் பூக்கிற இடமாயிற்றே! 'களி' என்று எழுதிவிடாதீர்கள், கேழ்வரகுக் களியாகிவிடும்.

கே: காயல் என்பது 'காய்தல்' தானே?

ப: காய் + அல் என்று பிரிப்பதில் இலக்கணத் தடை இல்லை. பொருள்தான் இடிக்கிறது: காயல் வற்றிக் காயும் நீர் அல்ல, கடலோடு தொடர்புள்ள தேக்கம். தாமிரபரணி முகத்துவாரப் பக்கம் காயல்பட்டினம், புன்னைக்காயல், பழைய காயல் என ஊர்ப்பெயர்களிலேயே இது நிற்கிறது. மார்க்கோ போலோ 'காயில்' என்று குறித்த துறைமுகம் அங்கேதான் இருந்தது. வண்டல் சேர்ந்து கடல் விலகியதால் பழைய காயல் துறைமுகமாக நீடிக்கவில்லை.

கே: மட்டக்களப்பில் வரும் களப்பு?

ப: ஈழத்தில் கடலோர ஆழமற்ற நீர்ப்பரப்புக்கு இன்றும் வழங்கும் சொல். சிங்களத்தில் 'கலப்புவ'. 'கழப்பு' என்பது பிழை.

கே: மலாய் 'பெத்திங்' இதுதானா?

ப: இல்லை. பெத்திங் மணல்திட்டு, ஆழமின்மைக்கு 'செத்தேக்'. ஆற்றுநீர் கடலை எட்டியதும் வேகம் குறைந்து, சுமந்து வந்த மண்ணைக் கீழே விடும். திட்டு அப்படி வளர்கிறது. நம் பக்கத்து பெத்திங் பெராஸ் பாசாவில் பேராக்கின் முதல் சுல்தானுடைய கப்பல் தரைதட்டியது, மணிமுடியைக் கடலில் போட்ட பிறகே நகர்ந்தது என்பது மலாய் மரபுக் கதை. 'கரைதட்டியது' என்று பலர் எழுதுகிறார்கள். அடிப்பாகம் தட்டுவது கடலடித் தரையை, எனவே தரைதட்டியதே சரி.

கே: குவாலாவும் ஆழமற்ற நீரா?

ப: ஆறு கடலிலோ இன்னோர் ஆற்றிலோ கலக்கும் இடம், அவ்வளவே. கோலாலம்பூர் என்ற பெயரில் சேற்றைக் குறிப்பது 'லும்பூர்' மட்டுமே.

கே: 'ஆயர் செத்தேக்' (ஆழமற்ற நீர்) என்ற எச்சரிக்கைப் பலகைக்குத் தமிழ்?

ப: 'மேலோட்டமான நீர்' வேண்டாம், மேலோட்டம் பேச்சுக்கும் படிப்புக்கும். 'இங்கே ஆழம் குறைவு, தலைகீழாகக் குதிக்காதீர்கள்' என்று எழுதி, குளமானால் ஆழத்தை மீட்டரில் போடுங்கள். ஆற்றுமுகத்தில் எண் போடாதீர்கள்: நீர் ஏறி இறங்கும் இடத்தில் காலையில் எழுதியது மாலையில் பொய்யாகிவிடும்.