தரவுத்தளக் கேள்வி பதில்: இலைக் கணக்குக்கு மெட்டீரியலைஸ்டு வியூ

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் அலுவலகக் கணக்கு பார்க்கிறேன். சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சை இலையின் எடை, முன்பணம், உரக்கடன் எல்லாம் போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) தரவுத்தளத்தில் இருக்கிறது. ஆள்வாரியாக, மாதவாரியாக எத்தனை கிலோ, எவ்வளவு பாக்கி என்ற பட்டியலைத் திறந்தால் ஒரு நிமிஷத்துக்கு மேல் சுற்றுகிறது, பட்டுவாடா நாளில் கவுண்டரில் கூட்டம் நிற்கிறது. மெட்டீரியலைஸ்டு வியூ போட்டால் சரியாகும் என்கிறார்கள். கட்டளை எழுதிப் பழக்கமில்லை, போஸ்ட்கிரெஸை நிர்வகிக்கும் பிஜிஅட்மின் மென்பொருளின் திரையிலேயே செய்யலாமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: தாராளமாகச் செய்யலாம், அதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். கவுண்டரில் நிற்கும் ஒருவரின் கணக்கை மட்டும் எடுக்கும்போதும் இதே தாமதம் இருந்தால் குறை வேறு இடத்தில். எடை டேபிளில் விவசாயி எண்ணுக்கும் தேதிக்கும் இண்டெக்ஸ் (வேண்டிய வரி எங்கே என்று உடனே காட்டும் குறிப்பு) இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் ஒருவருடைய கணக்குக்காக மொத்த டேபிளையும் முதலிலிருந்து படிக்கும். இண்டெக்ஸ் போட்டதுமே அந்தத் தாமதம் தீர்ந்துவிடலாம். எல்லோருடைய பட்டியலும் சேர்ந்து வரும்போதுதான் இழுக்கிறது என்றால் நீங்கள் கேட்டதே சரியான வழி.

சாதாரண வியூ என்பது சேமித்து வைத்த க்வெரி (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) மட்டுமே, திறக்கும்போதெல்லாம் கணக்கை முதலிலிருந்து போடும். மெட்டீரியலைஸ்டு வியூ ஒரு தடவை போட்ட கணக்கின் விடையையே டிஸ்க்கில் வைத்துக்கொள்ளும். அதனால்தான் வேகம். அதனாலேயே, காலையில் எடுத்து வைத்த விடையில் மாலை வந்த இலை இருக்காது. போஸ்ட்கிரெஸ் தானாக எதையும் புதுப்பிக்காது, நாம்தான் சொல்ல வேண்டும்.

இப்போது திரைக்கு வாருங்கள். இடது பக்கத்து மரத்தில் (கிளைகளாக விரியும் பட்டியலில்) உங்கள் டேட்டாபேஸ், அதற்குள் ஸ்கீமாஸ், பப்ளிக், அதற்குள் மெட்டீரியலைஸ்டு வியூஸ். அதன்மேல் வலது க்ளிக் செய்து கிரியேட் கொடுத்தால் ஒரு பெட்டி திறக்கும். முதல் தாவலில் பெயரும் உரிமையாளரும். க்வெரி எழுதும் தாவலின் பெயர் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் மாறும், பெரிய எழுத்துப் பெட்டி இருக்கும் இடம் அதுதான். வித் டேட்டா என்ற சுவிட்ச் ஆன் ஆகியிருக்கட்டும். அதை விட்டுவிட்டால் வியூ உருவாகும், ஆனால் உள்ளே ஒன்றும் இருக்காது, திறந்தால் இன்னும் நிரப்பப்படவில்லை என்று பிழை காட்டும். சேவ் அழுத்துமுன் கடைசியில் இருக்கும் எஸ்கியூஎல் தாவலை ஒரு தடவை படியுங்கள். நீங்கள் க்ளிக் செய்ததெல்லாம் அங்கே கட்டளையாக நிற்கும், அதைப் படித்துப் படித்தே கட்டளையும் பழகிவிடும்.

பெட்டிக்குள் போடும் க்வெரியில்தான் பணக் கணக்கு தப்பும், இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். எடை டேபிளையும் முன்பண டேபிளையும் நேராக ஜாயின் செய்து (வரிக்கு வரி பொருத்தி இணைத்து) கூட்டாதீர்கள். ஒருவர் அந்த மாதம் 20 தடவை இலை போட்டிருக்கிறார், 2 தடவை தலா 2,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார் என்று வையுங்கள். விவசாயி எண்ணையும் மாதத்தையும் மட்டும் பொருத்தி ஜாயின் செய்தால் 40 வரி வரும். முன்பணம் 4,000 என்பது 80,000 ஆகிவிடும், கிலோவும் இரண்டு மடங்காகும். உரக்கடனையும் சேர்த்தால் இன்னும் மோசம். எடையைத் தனியாக ஆள்வாரி, மாதவாரி கூட்டி, முன்பணத்தைத் தனியாகக் கூட்டி, உரக்கடனையும் அப்படியே கூட்டி, அப்புறம் அந்த மூன்று விடைகளை இணையுங்கள். முன்பணம் வாங்காதவரின் பெயர் விழுந்துவிடாமல் இருக்க லெஃப்ட் ஜாயின் போடுங்கள், பொருந்தும் வரி இல்லாவிட்டாலும் இடப்பக்கத்துப் பெயரை அது விடாது. வியூ வந்தபின் நாலைந்து பேரின் கணக்கைக் கைச்சீட்டோடு ஒத்துப்பார்க்காமல் கவுண்டருக்குக் கொடுக்காதீர்கள்.

அதே க்வெரியில், ஒவ்வொருவருக்கும் கடைசியாக எடை பதிவான நேரத்தையும் ஒரு நெடுவரிசையாகச் சேர்த்துவிடுங்கள். கவுண்டருக்கு வருபவர் தான் நேற்றுச் சாயங்காலம் போட்ட இலை கணக்கில் ஏறியதா என்றுதான் முதலில் கேட்பார். அந்த நேரம் திரையில் இருந்தால் வாக்குவாதமே வராது.

புதுப்பிக்க, வியூவின் பெயர்மேல் வலது க்ளிக். அங்கே ரெஃப்ரெஷ் என்றும் ரெஃப்ரெஷ் வியூ என்றும் இரண்டு இருக்கும். முதலாவது இடப்பக்க மரத்தை மட்டும் மறுபடி வரையும், உள்ளே இருக்கும் எண்களைத் தொடாது. இரண்டாவதில்தான் வித் டேட்டா இருக்கிறது. அதைச் சும்மா கொடுத்தால் வேலை முடியும்வரை பட்டியலைத் திறப்பவர்கள் எல்லோரும் காத்திருக்க வேண்டும். கவுண்டர் நடக்கும்போது புதுப்பிப்பதானால் கன்கரண்ட்லி என்ற வகையை எடுங்கள், பழைய விடையைப் படித்துக்கொண்டிருக்கும்போதே புதியது தயாராகும். போஸ்ட்கிரெஸில் மெட்டீரியலைஸ்டு வியூ 2013இல் 9.3 பதிப்பில் வந்தது, கன்கரண்ட்லி அடுத்த வருஷம் 9.4இல். இதற்கு வியூவின்மேல் ஒரு யூனிக் இண்டெக்ஸ் (ஒரே மதிப்பு இரண்டு வரியில் வராதபடி காக்கும் இண்டெக்ஸ்) கட்டாயம், உங்களுக்கு விவசாயி எண்ணும் மாதமும் சேர்ந்தால் போதும். மரத்தில் வியூவுக்குக் கீழேயே இண்டெக்ஸஸ் இருக்கிறது, அங்கே கிரியேட் கொடுத்து யூனிக் சுவிட்சை ஆன் செய்யுங்கள்.

எப்போது புதுப்பிப்பது என்பதைத் தொழிற்சாலையின் நாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இலை சேகரிப்பு மையங்களிலிருந்து கடைசி வண்டி வந்து எடைச் சீட்டெல்லாம் ஏறியபின் ஒரு தடவை, தேயிலை வாரியத்தின் மாத விலை வந்து நீங்கள் விலையைப் பதிந்ததும் கையோடு ஒரு தடவை. தினசரி வேலையை விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரிடம் விடலாம், பாஸ்வேர்டைக் கட்டளைக்குள் எழுதாமல் பிஜிபாஸ் (pgpass) என்ற பாஸ்வேர்டுக் கோப்பில் வையுங்கள். நம்மூரில் மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. நேரம் தவறினால் கம்ப்யூட்டர் வந்ததும் ஓட்டு என்று அந்த ஷெட்யூலரிலேயே ஒரு டிக் இருக்கிறது, அதை மறக்காமல் போடுங்கள்.

கேள்வி: வியூவை நான் திறக்க முடிகிறது. ரெஃப்ரெஷ் வியூ கொடுத்தால் நீ உரிமையாளர் இல்லை என்கிறது. எல்லா அனுமதியும் கொடுத்துவிட்டதாக மேலாளர் சொல்கிறார்.
– வாசகர், குன்னூர்

பதில்: மேலாளர் கொடுத்தது படிக்கும் அனுமதியாக இருக்கும். புதுப்பிக்க, வியூவின் உரிமையாளராகவோ எல்லா அதிகாரமும் உள்ள சூப்பர்யூசராகவோ இருக்க வேண்டும். 2024இல் வந்த 17ஆம் பதிப்பில் மெயின்டெய்ன் என்று தனி அனுமதி வந்திருக்கிறது, அதை மட்டும் உங்களுக்குக் கொடுத்தால் போதும். பழைய பதிப்பு என்றால் ஒரு பொது ரோலை (பலர் சேரக்கூடிய பயனர் குழுவை) உரிமையாளராக்கி அதில் உங்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். சூப்பர்யூசர் பாஸ்வேர்டை மட்டும் கேட்டு வாங்காதீர்கள்.

கேள்வி: ஈரத்துக்காகக் கழிக்கும் எடையையும் வியூவில் சேர்க்க வேண்டும். க்வெரியை மட்டும் மாற்ற வழி உண்டா? இன்னொரு கிளையில் மைஎஸ்கியூஎல் என்ற வேறு தரவுத்தளம் இருக்கிறது, அங்கேயும் இது நடக்குமா?
– வாசகர், கூடலூர்

பதில்: சாதாரண வியூவை மேலேயே மாற்றி எழுதுவதுபோல இதை மாற்ற முடியாது, நீக்கிவிட்டுப் புதிதாக உருவாக்க வேண்டும். நீக்கும்போது அதன் இண்டெக்ஸும் கொடுத்த அனுமதிகளும் சேர்ந்தே போகும், ஆகவே பழைய வியூவின் எஸ்கியூஎல் தாவலில் இருப்பதை முதலில் ஒரு கோப்பில் நகலெடுத்து வையுங்கள். அந்த வியூவை நம்பி வேறு வியூ இருந்தால் நீக்க விடாது. அப்போது அவசரப்பட்டு கேஸ்கேட் அழுத்தாதீர்கள், அவையும் சேர்ந்து அழியும். ஈரக் கழிவை மொத்த எடையிலிருந்து கழித்த ஒரே எண்ணாகக் காட்டாமல், மொத்தம், கழிவு, நிகரம் என்று மூன்றாகவே வையுங்கள். கழிவு எவ்வளவு என்று பார்க்க விவசாயிக்கு உரிமை இருக்கிறது.

மைஎஸ்கியூஎல்லில் மெட்டீரியலைஸ்டு வியூ கிடையாது. சுருக்கக் கணக்குக்கென ஒரு டேபிளை நீங்களே உருவாக்கி, ஈவண்ட் ஷெட்யூலர் வைத்துக் குறித்த நேரத்தில் நிரப்பிக்கொள்ளலாம்.