முன்கூட்டியே ஓய்வு, கையிலிருந்து பிரீமியம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

60 வயதுக்கு முன்பே வேலையை விட்டுவிட்டுச் செட்டிநாட்டுச் சொந்த ஊர்களுக்குத் திரும்புவோரிடமிருந்தும், திரும்ப எண்ணுவோரிடமிருந்தும் மருத்துவக் காப்பீடு பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: சென்னையில் தனியார் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். வயது 49. அடுத்த ஆண்டு வேலையை விட்டுவிட்டுப் பூர்வீக வீட்டுக்கே குடிவர இருக்கிறேன். நிறுவனத்தின் காப்பீடு 5 லட்சம் ரூபாய்க்கு இருக்கிறது. ஊருக்கு வந்தபின் நிதானமாகப் பார்த்து ஒரு பாலிசி எடுத்தால் போதாதா? – தேவகோட்டை வாசகர்

போதாது. நிறுவனம் எடுத்துத் தரும் குழுக் காப்பீடு பெரும்பாலும் நீங்கள் பணியிலிருந்து விடுபடும் நாளோடு முடிந்துவிடும். அதன் பிறகு புதிதாக எடுக்கும் பாலிசியில் முதல் 30 நாட்களுக்கு விபத்துச் சிகிச்சையைத் தவிர வேறெதற்கும் பணம் கிடைக்காது. கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்றவற்றுக்குப் பொதுவாக 2 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 3 ஆண்டுகள் வரை காத்திருக்க நேரும். இந்த உச்சவரம்பு முன்பு 4 ஆண்டுகளாக இருந்தது. 2024-ல்தான் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அதை 3 ஆண்டுகளாகக் குறைத்தது. சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே, நிறுவனக் காப்பீடு துணைக்கு இருக்கும்போதே, இந்தக் காத்திருப்புக் காலத்தைக் கழித்துவிடுவதுதான் சீக்கிரம் ஓய்வுபெற நினைப்பவர் செய்யக்கூடிய பெரிய சிக்கனம். பிரீமியத்தில் 2,000 ரூபாய் குறைவாக யார் தருகிறார்கள் என்று தேடுவதைவிட இது பல மடங்கு பயன் தரும்.

ஆகவே வேலையில் இருக்கும்போதே, இந்த மாதமே, உங்கள் பெயரிலும் மனைவியின் பெயரிலும் சொந்தப் பாலிசி ஒன்றை எடுத்துவிடுங்கள். ஓராண்டு இரட்டைச் செலவு போலத் தோன்றும். ஆனால் ஓய்வுபெறும் நாளில் காத்திருப்புக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு கழிந்திருக்கும். மற்றொரு வழியும் உண்டு. குழுக் காப்பீட்டில் இருப்பவர், விலகும்போது அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ளலாம். குழுவில் தொடர்ச்சியாக இருந்த ஆண்டுகள் காத்திருப்புக் கணக்கில் கழிக்கப்படும். இதற்கான விண்ணப்பத்தை வேலையில் இருக்கும்போதே கொடுத்துவிட வேண்டும் என்பதும், உங்கள் உடல்நிலையைப் பார்த்தே நிறுவனம் முடிவெடுக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும். கடைசி வாரத்தில் மனிதவளத் துறையிடம் விசாரிப்பவருக்கு இந்த வழி பல நேரங்களில் அடைந்துபோயிருக்கும்.

கேள்வி: வங்கியிலிருந்து விருப்ப ஓய்வு பெற்றேன். எனக்கும் மனைவிக்கும் வயது 50. இருவருக்குமாக, ஒரே காப்பீட்டுத் தொகையைப் பகிர்ந்துகொள்ளும் ஃப்ளோட்டர் பாலிசிக்கு ஆண்டுக்கு 36,000 ரூபாய் கட்டுகிறேன். இதற்கென்று தனியாக எவ்வளவு ஒதுக்கி வைக்க வேண்டும்? – கானாடுகாத்தான் வாசகர்

நல்ல கேள்வி, ஓய்வுக்காலத் திட்டம் போடும் பலர் வீட்டுச் செலவையும் பிள்ளைகள் திருமணத்தையும் எழுதிவிட்டு, இந்த ஒரு வரியை மட்டும் இன்றைய தொகையிலேயே நிறுத்திவிடுகிறார்கள். பிரீமியம் இரண்டு காரணங்களால் ஏறும்: ஒன்று உங்கள் வயது, மற்றொன்று மருத்துவச் செலவின் ஏற்றம். 1937-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி சென்னையோடும் ரங்கூனோடும் சேர்த்துக் காரைக்குடியிலும் ஒரே நாளில் தொடங்கப்பட்ட சீமையில், அதுவும் வங்கியில் இருந்தவருக்கு, கூட்டு வட்டியை நான் விளக்க வேண்டியதில்லை. பிரீமியம் ஆண்டுக்கு 10 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொண்டால், இன்றைய 36,000 ரூபாய் உங்கள் 60 வயதில் ஏறத்தாழ 93,000 ரூபாயாகவும், 65 வயதில் 1,50,000 ரூபாயாகவும், 70 வயதில் 2,42,000 ரூபாயாகவும் ஆகியிருக்கும்.

இனி ஒதுக்க வேண்டிய தொகை. உங்கள் முதலீட்டின் வருமானமும் பிரீமியத்தின் ஏற்றமும் சமமாக இருந்தால், 25 ஆண்டுகளுக்கு இன்றைய பிரீமியத்தின் 25 மடங்கு, அதாவது 9 லட்சம் ரூபாய் போதும். வரி போக வருமானம் 7 சதவீதம் மட்டுமே கிடைத்து, பிரீமியம் 10 சதவீதம் ஏறினால், அதே 25 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 12 லட்சத்து 80,000 ரூபாய் இன்றே தேவைப்படும். விருப்ப ஓய்வில் வந்த தொகையிலிருந்து இதைப் பிரித்து, ஐந்தொகையில் தனித் தலைப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து வீட்டுக்கு ஓடு மாற்றவோ மொய் எழுதவோ எடுக்கக் கூடாது.

பாரத்தைக் குறைக்க நான் பரிந்துரைக்கும் வழி, அடிப்படைப் பாலிசியை 5 லட்சம் ரூபாயோடு நிறுத்திவிட்டு, அதற்கு மேல் சூப்பர் டாப்-அப் ஒன்றை, அதாவது ஓராண்டின் மொத்த மருத்துவமனைச் செலவு அந்தத் தொகையைத் தாண்டினால் மிச்சத்தை ஏற்கும் கூடுதல் பாலிசியை, சேர்ப்பது. இரண்டும் சேர்ந்த பிரீமியம், அதே பெரிய தொகைக்கு ஒரே பாலிசி எடுப்பதைவிடப் பொதுவாகக் குறைவு. சாதாரண டாப்-அப்பை வாங்கிவிடாதீர்கள். ஒரே ஆண்டில் 4 லட்சத்துக்கு ஒரு முறையும் 3 லட்சத்துக்கு மற்றொரு முறையும் மருத்துவமனையில் சேர நேர்ந்தால், 5 லட்சத்துக்கு மேல் என்று எடுத்த சூப்பர் டாப்-அப் இரண்டையும் கூட்டிப் பார்த்து 2 லட்சம் தரும். சாதாரண டாப்-அப் ஒவ்வொரு பில்லையும் தனித்தனியாகப் பார்ப்பதால் எதுவும் தராது.

ஓரளவு ஆறுதலான செய்திகளும் உண்டு. தனிநபர், குடும்பப் பாலிசிகளின் மீதான 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டுவிட்டது. குழுக் காப்பீட்டுக்கு இந்த விலக்கு இல்லை. 60 வயதைக் கடந்தோரின் பிரீமியத்தை ஓராண்டில் 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்த விரும்பும் நிறுவனம் ஆணையத்தைக் கலந்தாக வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்திருக்கிறது. உங்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்க இன்னும் 10 ஆண்டுகள் இருக்கின்றன என்பதால், மேலே சொன்ன கணக்கைத் தளர்த்த வேண்டாம்.

கேள்வி: 6 ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். அதைச் சொன்னால் பாலிசி கிடைக்காது, விண்ணப்பத்தில் எழுத வேண்டாம் என்று ஏஜென்ட் சொல்கிறார். வயது 53. – பள்ளத்தூர் வாசகர்

எழுதுங்கள். எழுதாமல் எடுக்கும் பாலிசிக்கு நீங்கள் பிரீமியம் கட்டிக்கொண்டே இருக்கலாம். தேவைப்படும் நாளில் அது கைகொடுக்காமல் போகலாம். இதயச் சிகிச்சைக்காக நீங்கள் மதுரையில் சேரும்போது மருத்துவர் கேட்கும் முதல் கேள்வியே எத்தனை ஆண்டுகளாகச் சர்க்கரை என்பதுதான். உங்கள் வீட்டார் உண்மையைச் சொல்வார்கள், அது மருத்துவக் குறிப்பில் ஏறும், கிளெய்ம் அங்கேயே மறுக்கப்படும், பாலிசியும் ரத்தாகலாம். தொடர்ந்து 60 மாதங்கள் பாலிசி நடந்தபின், மோசடி என்று நிரூபித்தாலன்றி, மறைத்த காரணத்தைக் காட்டி மறுக்க முடியாது என்ற விதி உண்மையில் உண்டு. முன்பு 8 ஆண்டுகளாக இருந்த அந்தக் காலம் 2024-ல் 5 ஆண்டுகளாகியது. ஏஜென்ட் இதைத்தான் மனதில் வைத்துப் பேசுகிறார் போலும். தெரிந்தே மறைப்பதை மோசடி என்று வாதிட நிறுவனத்துக்கு இடமிருக்கும்போது, அந்த 5 ஆண்டுகளை நம்பிச் சூதாடுவது 53 வயதுக்காரருக்கு ஏற்றதல்ல.

சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாலிசியே கிடைக்காது என்பதும் சரியல்ல. கூடுதல் பிரீமியம் பெற்றுக்கொண்டு, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் காத்திருப்பைக் குறைத்தோ நீக்கியோ தரும் திட்டங்கள் சந்தையில் உள்ளன. ஒரு நிறுவனம் மறுத்தால் அடுத்ததைக் கேளுங்கள். எல்லா நிறுவனங்களும் ஒரே விதிகளோடு விற்கும் ஆரோக்கிய சஞ்சீவனி என்ற எளிய திட்டமும் இருக்கிறது. அதில் ஒவ்வொரு கிளெய்மிலும் 5 சதவீதத்தை நீங்கள் ஏற்க வேண்டும், அறை வாடகைக்கும் வரம்பு உண்டு. பாலிசி கைக்கு வந்ததும் விண்ணப்பத்தின் நகலைப் படித்துப் பாருங்கள். ஏஜென்ட் உங்களுக்காக 'இல்லை' என்று நிரப்பியிருந்தால் உடனே திருத்தச் சொல்லுங்கள். பிடிக்காவிட்டால் 30 நாட்களுக்குள் பாலிசியைத் திருப்பிக் கொடுக்கவும் செய்யலாம்.

கேள்வி: ஊர்ப் பக்கம் குடியிருப்பதால் பிரீமியம் குறைவான மண்டலத்தில் பாலிசி எடுக்கலாம் என்கிறார்கள். உள்ளூர்ச் சிறிய மருத்துவமனைகளிலும் பணம் கிடைக்குமா? – காரைக்குடி வாசகர்

பல நிறுவனங்கள் நாட்டை மண்டலங்களாகப் பிரித்து, பெருநகரங்களுக்குக் கூடுதலாகவும் மற்ற ஊர்களுக்குக் குறைவாகவும் பிரீமியம் வாங்குகின்றன. காரைக்குடி முகவரிக்குக் குறைந்த பிரீமியம் கிடைப்பது நியாயமே. ஆனால் நம் பகுதியில் பெரிய சிகிச்சை என்றால் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் பயணம் செய்து மதுரைக்கோ திருச்சிக்கோ போகிறோம். இன்னும் சிக்கலானால் பிள்ளைகள் இருக்கும் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகிறோம். குறைந்த மண்டலப் பாலிசியோடு மேல் மண்டல நகரத்தில் சேர்ந்தால், பில்லில் ஒரு பங்கை நீங்களே கட்ட வேண்டும் என்ற கோ-பே நிபந்தனை சில பாலிசிகளில் இருக்கும். அது இல்லாத பாலிசியாகப் பாருங்கள், அல்லது மேல் மண்டலப் பிரீமியத்தையே கட்டிவிடுங்கள்.

உள்ளூர் மருத்துவமனையைப் பொறுத்தவரை, 10 லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊரில் குறைந்தது 10 படுக்கைகள், இரவு பகலாகத் தகுதியுள்ள மருத்துவரும் செவிலியரும், அறுவை அரங்கு ஆகியவை இருந்தால்தான் பாலிசியின் கண்ணில் அது மருத்துவமனை. நீங்கள் வழக்கமாகப் போகும் இடம் இதில் தேறுகிறதா என்று இப்போதே கேட்டுவையுங்கள்.

அறை வாடகையையும் கவனியுங்கள். 5 லட்சம் ரூபாய் பாலிசியில் நாள் வாடகை 1 சதவீதம், அதாவது 5,000 ரூபாய் என்று வரம்பிருக்க, நீங்கள் 10,000 ரூபாய் அறையில் தங்கினால், வாடகையில் மட்டுமின்றி மருத்துவர் கட்டணம், அறுவைக் கட்டணம் போன்றவற்றிலும் பாதி வெட்டப்படலாம். மருந்து, உடலுக்குள் பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள் இந்த வெட்டிலிருந்து விலக்குப் பெற்றவை. ஏசி அறைதான் வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் வற்புறுத்துவார்கள் என்று தெரிந்தால், அறை வாடகை வரம்பே இல்லாத பாலிசியை எடுப்பது நல்லது.

கேள்வி: சிங்கப்பூரில் 20 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு 48 வயதில் திரும்பி வருகிறேன். அங்கே கம்பெனி இன்சூரன்ஸில் இருந்த ஆண்டுகள் இங்கே கணக்கில் சேருமா? – திருப்பத்தூர் வாசகர்

சேராது. இந்திய நிறுவனங்களுக்கு இடையே பாலிசியை மாற்றிக்கொள்ளும்போதுதான் பழைய ஆண்டுகள் கணக்கில் வரும். ஆகவே அங்கே இருக்கும்போதே, விடுமுறைக்கு ஊருக்கு வரும் ஒரு சமயத்தில் மருத்துவப் பரிசோதனையையும் முடித்து, இங்கே பாலிசியைத் தொடங்கிவிடுங்கள். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியருக்கும் இங்குள்ள நிறுவனங்கள் பாலிசி தருகின்றன. சிகிச்சை இந்தியாவில் நடந்தால்தான் அது பயன்படும் என்பதைப் பாலிசி வாசகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: நூற்பாலையில் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் வெளியே வந்துவிட்டேன். 14 ஆண்டுகள் சம்பளத்தில் ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) பிடித்தார்கள். தனியார் பிரீமியம் கட்டும் வசதி இல்லை. – புதுவயல் வாசகர்

உங்களைப் போன்றோருக்கு இருக்கும் ஒரு வசதி பலருக்குத் தெரிவதில்லை. குறைந்தது 5 ஆண்டுகள் ஈஎஸ்ஐ உறுப்பினராக இருந்து, ஓய்வு வயதிலோ விருப்ப ஓய்விலோ வெளியேறியவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டித் தனக்கும் துணைவருக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். ஓய்வுச் சான்றோடும் பழைய காப்பீட்டு எண்ணோடும் ஈஎஸ்ஐ கிளை அலுவலகத்தை அணுகுங்கள். வேறு வேலைக்காக ராஜினாமா செய்தவருக்கு இது பொருந்தாது. எனவே ஆலை தரும் சான்றில் விருப்ப ஓய்வு என்றே இருக்கிறதா என்று பாருங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டைக்கும் வருமானச் சான்றோடு விண்ணப்பியுங்கள்.

கேள்வி: எனக்கு வேலை இல்லை, வாடகை வருமானம் மட்டும்தான். பிரீமியத்துக்கு வரிச் சலுகை உண்டா? 72 வயதான அம்மாவுக்கும் நானே கட்டுகிறேன். – ஆத்தங்குடி வாசகர்

பழைய வரி முறையில் கணக்குத் தாக்கல் செய்தால் உண்டு. புதிய முறையில் இல்லை. 80டி என்று எல்லோருக்கும் பழகிப்போன அந்தக் கழிவில், உங்கள் குடும்பத்துக்கு 25,000 ரூபாய் வரையும், மூத்த குடிமகளான தாயாருக்குத் தனியாக 50,000 ரூபாய் வரையும் கழிக்கலாம். ரொக்கமாகக் கட்டிய பிரீமியத்துக்குக் கழிவு கிடையாது. தாயாருக்குப் பாலிசியே கிடைக்காவிட்டால், அவருடைய மருத்துவச் செலவையே அந்த 50,000 ரூபாய்க்குள் காட்டலாம். 70 வயதைக் கடந்தோருக்கு வருமான வரம்பின்றி 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தரும் ஆயுஷ்மான் திட்ட விரிவாக்கத்தை 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. தாயாருக்கு அதில் பதிய முடியுமா என்று ஆதார் அட்டையோடு விசாரியுங்கள். அதற்காக இப்போது நடக்கும் பாலிசியை நிறுத்திவிட வேண்டாம். 72 வயதில் விட்ட பாலிசியை அதே நிபந்தனைகளோடு மீண்டும் பெறுவது அரிது.

கேள்வி: குலதெய்வக் கோயில் வேலையில் பிரீமியம் கட்டும் தேதியை மறந்துவிட்டேன். 12 நாள் ஆகிவிட்டது. – மாத்தூர் வாசகர்

இன்றே கட்டிவிடுங்கள். ஆண்டுப் பிரீமியத்துக்கு 30 நாள் அவகாசம் உண்டு, மாதத் தவணைக்கு 15 நாள். அதற்குள் கட்டினால் நீங்கள் சேர்த்துவைத்த காத்திருப்பு ஆண்டுகள் அழியாது. ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை கட்டுபவர் அவகாச நாட்களில் மருத்துவமனையில் சேர்ந்தால், அந்தச் செலவு கிடைக்காது. அடுத்த ஆண்டு முதல் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளுமாறு ஏற்பாடு செய்யுங்கள். கையில் பணமிருந்தால் 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒரே தடவையாகவும் கட்டலாம், அதற்குத் தள்ளுபடியும் தருகிறார்கள்.