பல்கலைக்கழக யூனிக்ஸ் சர்வரில் என் பக்கத்தைத் திறந்தால் 403 வருகிறது. எல்லாவற்றுக்கும் 777 கொடுத்துவிடலாமா?

கொடுக்காதீர்கள். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சர்வரில் உங்களுக்கென்று உள்ள கோப்புறையான ஹோம் டைரக்டரிக்குள், இணையப் பக்கங்களுக்கான பப்ளிக்_எச்டிஎம்எல் டைரக்டரியை உருவாக்கி, அதில் இன்டெக்ஸ்.எச்டிஎம்எல் கோப்பையும் வைத்திருக்கிறீர்கள், ஆனாலும் 'ஃபார்பிடன்' என்கிறது. கூடப் படிக்கும் யாரோ 777 கொடுக்கச் சொல்லியிருப்பார். எங்கள் ஆய்வகத்திலும் அப்படி ஒரு சீனியர் இருந்தார். பக்கம் வரவில்லை என்று யார் போனாலும் ஒரே மருந்துதான்: 'சிஎச்மோட் -ஆர் 777', அதாவது உள்ளே இருக்கும் எல்லாவற்றின் உரிமைகளையும் 777 ஆக மாற்றும் கட்டளை. பக்கம் உடனே வந்துவிடும், அதனால் அவர் பேச்சை யாரும் சந்தேகிக்கவில்லை.

மூன்று இலக்கங்களும் வரிசையாக உரிமையாளர், குழு, மற்றவர்கள் என்ற மூன்று தரப்புக்கான உரிமைகள். படிக்க 4, எழுத 2, இயக்க அல்லது கடந்து போக 1, மூன்றும் சேர்ந்தால் 7. ஆக 777 என்றால் அந்த சர்வரில் கணக்கு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் உங்கள் கோப்பைத் திருத்தலாம், அழிக்கலாம். பல்கலைக்கழக சர்வரில் அது ஆயிரக்கணக்கானோராக இருக்கலாம். அவர்களில் ஒருவருடைய கடவுச்சொல் வெளியே போனால்கூடப் போதும். என் ஜூனியர் ஒருத்தியின் பக்கத்தில் அதுதான் நடந்தது. அவளுடைய ஆய்வுக் கட்டுரைப் பட்டியலுக்குக் கீழே சம்பந்தமே இல்லாத விளம்பர இணைப்புகள் வரிசையாக முளைத்திருந்தன. வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்த நேரம், விண்ணப்பத்தில் அந்த முகவரியைத்தான் கொடுத்திருந்தாள். போதாக்குறைக்கு, ஹோம் டைரக்டரிக்கும் 777 கொடுத்திருந்ததால், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் அவளுடைய சாவிக் கோப்பை ஏற்க மறுத்து ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்டது. ஹோம் டைரக்டரியில் மற்றவர்கள் எழுத முடியும் என்றால் எஸ்எஸ்எச் சர்வர் அந்தச் சாவியை நம்பாது. இரண்டும் ஒரே காரணத்தால் வந்தவை என்று அதுவரை யாரும் அவளிடம் சொல்லவில்லை.

அன்று மாலை நான் அவளுடன் உட்கார்ந்து, உரிமைகளைக் காட்டும் 'எல்எஸ் -எல்டி' கட்டளையைப் போட்டு ஹோமிலிருந்து ஒவ்வொரு படியாகப் பார்த்தேன். நீங்களும் அப்படித்தான் பார்க்க வேண்டும். பக்கங்களை உலாவிக்கு அனுப்பும் அப்பாச்சி என்ற மென்பொருள் உங்கள் பெயரில் ஓடுவதில்லை, தனக்கென்று உள்ள ஒரு பயனர் பெயரில் ஓடுகிறது. பெரும்பாலான சர்வர்களில் அதைப் பொறுத்தவரை கணக்கில் வருவது மூன்றாவது இலக்கம், அதாவது 'மற்றவர்கள்'. கோப்பைப் படிக்க 4 வேண்டும். டைரக்டரியில் 1 என்பது கடந்து போகும் உரிமை. உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் பார்க்க முடியாது, வழியாக நடந்து போகலாம், அவ்வளவுதான். இந்த 1 ஹோம் டைரக்டரியில் இல்லையென்றால், பப்ளிக்_எச்டிஎம்எல்லுக்கு நீங்கள் என்ன கொடுத்தாலும் சர்வர் அதுவரை வந்து சேராது. புதிதாக உருவாகும் கோப்புகளிலிருந்து எந்தெந்த உரிமைகளை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லும் உமாஸ்க் என்ற அமைப்பை, பல இடங்களில் 077 என்று வைத்திருப்பார்கள். அப்போது புதிய டைரக்டரி 700 ஆகவும் புதிய கோப்பு 600 ஆகவும்தான் பிறக்கும். நீங்கள் எல்லாம் சரியாகச் செய்தும் 403 வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

எனவே ஹோமுக்கு 711, பப்ளிக்_எச்டிஎம்எல்லுக்கும் அதனுள் இருக்கும் டைரக்டரிகளுக்கும் 755, கோப்புகளுக்கு 644. எழுதும் உரிமை உங்களைத் தவிர யாருக்கும் வேண்டாம். 711 கொடுத்த பிறகு, ஹோமில் 644 உள்ள கோப்பின் பெயரை ஊகிப்பவர் அதைப் படிக்க முடியும். அதனால் ஆய்வேடு, கடிதங்கள் எல்லாவற்றையும் 700 உள்ள ஒரு டைரக்டரிக்குள் போட்டுவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் 403 வந்தால், ரெட்ஹேட் வகை லினக்ஸ் சர்வரில் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு தடுத்துக்கொண்டிருக்கலாம். அது அட்மின் வேலை. 404, அதாவது 'பக்கம் கிடைக்கவில்லை' என்று வந்தால் விஷயம் வேறு. பயனர் டைரக்டரி வசதியையே திறக்காமல் வைத்திருக்கலாம், அல்லது டைரக்டரிக்கு அவர்கள் வேறு பெயர் வைத்திருக்கலாம். அப்புறம், விண்டோஸில் 'Index' என்று பெரிய எழுத்தில் தொடங்கும் பெயரோடு ஏற்றியிருந்தால் யூனிக்ஸ் அதை வேறு கோப்பாகத்தான் பார்க்கும். அதையும் ஒருமுறை பாருங்கள்.

நான் சிஸ்டம் அட்மின் இல்லை. உங்கள் சர்வரில் ஏசிஎல் (தனித்தனி ஆட்களுக்கான உரிமைப் பட்டியல்), ஏஎஃப்எஸ் (பல கணினிகள் பகிரும் கோப்பு முறைமை) என்று வேறு ஏற்பாடு இருந்தால் இந்த எண்கள் மட்டும் போதாது, ஒப்புக்கொள்கிறேன். இணையப் பக்கங்களை வைக்க 2008 முதல் கிட்ஹப் பேஜஸ் இருக்கிறதே, இதெல்லாம் எதற்கு என்றும் சிலர் வருவார்கள். நல்ல வசதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் பெர்மிஷன் என்றால் என்ன என்று நான் புரிந்துகொண்டது இந்த ஒரு டைரக்டரியை வைத்துத்தான். இன்றுவரை வேலையில் கைகொடுக்கிறது. அன்று இந்த எண்களை அரைப் பக்கத்தில் எழுதி ஆய்வகக் கதவில் ஒட்டினேன். எனக்கே பாடம் எடுக்கிறாயா என்று சீனியர் அதோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஒட்டியது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து உறுத்துகிறது. என்சிஎஸ்ஏ என்ற தொடக்ககால இணைய சர்வர் மென்பொருளின் காலத்திலிருந்து வந்த, பயனர் பெயருக்கு முன் ~ குறி உள்ள இந்தப் பக்க முகவரிகளை நாங்கள் படித்த இடத்தில் ஒரு விடுமுறையில் மொத்தமாக மூடிவிட்டார்கள். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் திருத்தித் திருத்தி வைத்திருந்த எண்முறைக் கணிதக் குறிப்புகள் அதோடு போயின. வேறு ஊர் மாணவர்களும் படித்துக்கொண்டிருந்த குறிப்புகள் அவை. பதிலுக்குக் கொடுத்த புதிய தளத்தில் ஒரு படம், ஒரு தொலைபேசி எண், கட்டுரைப் பட்டியல், இவ்வளவுக்குத்தான் இடம். ஒரு வரி மாற்றக்கூட விண்ணப்பம் போட வேண்டும். இடத்தை மிச்சப்படுத்தினோம் என்றார்கள். அந்தக் குறிப்புகள் மொத்தமும் ஒரு புகைப்படத்தின் அளவுகூட இருக்காது!

ஆகவே பக்கம் வேலை செய்ததும் கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையைக் கொண்டு ஒரு பிரதியை உங்கள் சொந்தக் கணினியில் எடுத்து வையுங்கள். படிப்பு முடிந்த பிறகு கணக்கை எத்தனை நாள் விட்டுவைப்பார்கள் என்று அட்மினிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதற்குப் பிறகு அந்த முகவரியை விண்ணப்பங்களில் போடலாம்.